பல் கட்டிய ஜீப்

எங்கள் தெருவில் பல்லக்கா வீடு எது என்று கேட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டும் வழி சொல்வார்கள். அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் உறையின் மேல் அதைப் படித்துவிட்டு, "பல்லக்கா, தபால்!" என்றுதான் குரல் கொடுப்பார்.

பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அவள் வேலைபார்க்கும் பல்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஜன்னலோரம் ஒரு விளக்கு, மேசை மேல் ராட்டினம் போலச் சுழலும் ஒரு சிறு சாணைக் கல், நாலு டப்பா மாவு, இவற்றோடு உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பொருந்தப் பல்செட் செய்வது அவள் வேலை. இருபத்தாறு வருடங்களாக அதுதான். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். எந்தக் கும்பல் புகைப்படத்தைக் காட்டினாலும் முகங்களைப் பார்க்கமாட்டாள். "இது நான், இது நான், இதுவும் நான்" என்று பற்களை எண்ணிக்கொண்டு போவாள்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தொன்றாம் வயதில், அதுவரை சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திராதவள், இருபத்தெட்டு வருடப் பழைய ஜீப் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினாள். அந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது பாதி, காதால் கேட்டது கால். மிச்சக் காலுக்கு நானே ஜவாப்தாரி.

காரணம் அவளுடைய அக்கா.

அக்காவும் மாமாவும் மலையுச்சியில் இருக்கிறார்கள். அங்கே நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு மாமா காவல். பதினான்கு கிலோமீட்டர் மண்பாதை. மாதம் ஒருமுறை டீசல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேலே போகும், இறக்கிய கையோடு திரும்பிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் அக்கா அந்த லாரியில்தான் கீழே வந்து, ஆடிக்கொண்டிருந்த பற்கள் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் லாரி கிளம்பும்வரைதான் இருந்தாள். முட்டிவலியோடு அதே லாரியில் ஏறும்போது, "இனிமே நான் கீழ வர்றதா இருந்தா நாலு பேர் தூக்கிட்டு வந்தாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். புதுப் பல்செட் அடுத்த லாரியில், பஞ்சில் சுற்றி, டீசல் பீப்பாய்களுக்கு நடுவே மலையேறியது.

அதற்குப் பிறகு எல்லாம் தொலைபேசிதான்.

"அக்கா, பல்லு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்டி."

"எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ராஜா வீட்டுப் பல்லு மாதிரி இருக்கு."

பல்லக்கா போனை வைத்துவிடுவாள். மேல்வரிசை இல்லாத வாயில் எந்தெந்த எழுத்து வழுக்கும், எது தடுக்கி விழும் என்று அவள் காதுக்கு அத்துப்படி. "வாயில ஒண்ணுமே இல்ல. வெறும் ஈறு பேசுது" என்பாள் கணவரிடம்.

"கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. அவ குறை சொல்லி நான் கேட்டதே இல்ல. சின்ன வயசுல நான் தச்ச சட்டையில கழுத்தே நுழையாது. அதையும் நல்லா இருக்குன்னு சொல்லிக் கையில பிடிச்சிக்கிட்டே சுத்தினவ."

பிடுங்கிய இடத்தில் ஈறு மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே போகும், அன்றைக்குச் சரியாக இருந்த செட் பிறகு தொளதொளவென்று ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். உள்பக்கம் ஒரு பூச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பூச்சை அக்காவின் வாய்க்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு நாளாவது கூடவே இருந்து, எங்கே உறுத்துகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். லாரியில் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் இறங்கலாம், அவளுக்குக் கிடைப்பதோ மூன்று நாள் விடுப்பு. வாடகை வண்டிக்காரர்கள் அந்தப் பாதையைச் சொன்னதும் தங்கள் டயரைத் தடவிக்கொண்டே நழுவிவிடுவார்கள்.

இப்படியே தள்ளிப்போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மாமா போனை எடுத்தார். மாமா பேசுவது அபூர்வம். கோபுரம்தான் ஊருக்கே பேசுகிறதே, நாம் வேறு எதற்கு என்று நினைக்கிற மனிதர்.

"உங்கக்கா எதையும் மெல்லறதில்லம்மா. எல்லாத்தையும் கரைச்சுக் குடிக்கிறா. ரவிக்கையை எல்லாம் மறுபடி மறுபடி பிடிச்சுத் தச்சிக்கிட்டிருக்கா." இவ்வளவு பேசியதில் களைத்துப்போய் வைத்துவிட்டார்.

மழை தொடங்கி ஒரு வாரம் போனால் அந்தப் பாதை நான்கு மாதத்துக்கு மூடிக்கொள்ளும். மழைக்கு இன்னும் பதினோரு வாரம் இருந்தது. அதற்குள் மேலே போயாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையே பல்லக்கா போய் ஜீப்பைப் பார்த்தாள். பல்கூடத்தின் சின்ன வேனை மருத்துவமனைகளுக்கு ஓட்டிப் பழக்கம் இருந்ததால் ஓட்டுவதில் பயமில்லை.

விற்றவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அந்த வண்டியில் ஏறாத குன்றில்லை என்றார். வண்டியின் நிறம் ஒரு காலத்தில் பச்சையாம். இப்போது என்ன நிறமாக இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தைக் கிளப்பியதும் எதிர்வீட்டு மாடியிலிருந்த காகங்கள் இருமின. பல்லக்கா நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு நிற்க, அவர் மூன்று விஷயம் சொன்னார்.

"காலையில கிளம்பலன்னா திட்டாதீங்க, அதுக்கு ரோஷம் அதிகம். கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி கேளுங்க. ரெண்டாவது, கியர் பக்கத்துல இந்தக் குட்டி லீவர் இருக்கு பாருங்க. இதைத் தள்ளினா முன்னாடி சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டுல இதைத் தொடவே கூடாது. மூணாவது, சேறு வந்தா முதல்ல கீழ இறங்குங்க. அப்புறம்தான் குட்டி லீவர்."

"எதுக்கு சார் கீழ இறங்கணும்?"

அவர் காதில் அது விழவே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போல பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுவாரம் கடல் கடந்து மகளோடு போய்விட்டார்.

பல்லக்கா எதையும் 'ஏன்' என்று கேட்டுக் கடைசிவரை துரத்துகிறவள். இந்த ஒரு 'ஏன்' பின்னால் மட்டும் அவள் போகவில்லை, ஏனென்றால் பதிலை அவளே சொல்லிக்கொண்டாள். வாயைப் பார்க்காமல் யாராவது பல்லில் கை வைப்பார்களா? இறங்கிப் போய்ச் சேற்றில் குச்சி விட்டு ஆழம் பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான். நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது வரிக்குப் பக்கத்திலேயே 'குச்சி எடுத்துப் போகவும்' என்று எழுதிக்கொண்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் அதற்குள் இறங்கியவர் அவள் கணவர். பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கான அறையில் அவர் குமாஸ்தா. குடை, டிபன் பாத்திரம், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு உயிருள்ள ஆமை எல்லாவற்றுக்கும் சீட்டெழுதிக் கட்டித்தான் அவர் முடி நரைத்தது. ஜீப்பின் இருக்கைகளுக்கு அடியிலும் முன்பக்கப் பெட்டிக்குள்ளும் பதினாலு பொருள் எடுத்தார். இரண்டு முனையிலும் சீவிய பென்சில்கள், முதல் மூன்று அடி காணாமல் போன அளவுநாடா, ஒரு சிப்பி, கீறல் விழுந்த பூதக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் சீட்டு. கடைசியாக உள்ளங்கை நீளத்தில் ஒரு மரத்துண்டு கிடைத்தது. ஒரு முனையில் ஆழமாகப் பிளவு வெட்டியிருந்தது. கைபட்டுக் கைபட்டு வழவழத்துப் போயிருந்தது.

"இது என்னவா இருக்கும்?"

பல்லக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிளவில் விரலை விட்டாள். "யாரோ இதை ரொம்ப நாள் உபயோகிச்சிருக்காங்க. எதுக்குன்னுதான் புரியல."

அவர் எழுதினார்: மரத்துண்டு. ஒரு முனையில் பிளவு. பயன் தெரியாது. உரிமையாளர் வந்தால் கேட்கவும். சீட்டைக் கட்டி மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்தார். அதற்குப் பிறகு பல வாரம், பாத்திரம் கழுவும்போதும், பல் தேய்க்கும்போதும் திடீரென்று "கதவுக்கு அடைகொடுக்கறதோ?" என்பாள் அவள். "கதவுதான் தன்னால சாத்தவே மாட்டேங்குதே" என்பார் அவர்.

ஜீப்பைப் பழுதுபார்த்தவரின் பட்டப்பெயர் 'அப்புறம்'. எதைச் சொன்னாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பது அவர் வாடிக்கை. அவர் கல்யாணமே மூன்று முறை அப்புறம் பார்க்கப்பட்டு நாலாம் முறைதான் நடந்தது என்று தெருவில் பேச்சு. ஆனால் கையில் எடுத்துவிட்டால் சுத்தமான வேலைக்காரர். ஜீப்பைச் சுற்றி வந்து, உதைத்துப் பார்த்து, படுத்துப் பார்த்து, எழுந்து கைத்தூசியைத் தட்டிக்கொண்டார்.

"பல்லக்கா, இதுல நல்லா இருக்கறது எதுன்னு சொல்றேன், குறிச்சுக்குங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சொல்லு தம்பி."

"ஹாரன்."

பிரேக் குழாய்கள், கிளட்சுத் தட்டு, டயர்கள், நாலு பக்கமும் பல்லிளித்த ரப்பர்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டறைக்குப் போய் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, இது எதைத் தள்ளும், எது இதைத் தள்ளும் என்று கேட்பாள். 'அப்புறம்' பொறுமைசாலிதான். ஆனாலும் ஒரு கட்டத்தில், "அக்கா, உங்க பட்டறைக்கு நான் வந்து இந்தப் பல்லு யாரோட பல்லுன்னு கேக்கறேனா?" என்றார்.

"கேளேன். உங்க மாமனாரோடது."

ஐந்தாவது வாரம் இயந்திரத்தின் பின்னாலிருந்து தண்ணீர் ஒழுகியது. எங்கிருந்து என்று தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், நுழையாத கையை நுழைத்துப் பார்த்தார். இயந்திரத்தையே இறக்கினால்தான் முடியும், மூன்று வாரம் ஆகும் என்றார். மழைக்கு இருந்ததே ஆறு வாரம். பல்லக்கா பையைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து, அதன் காம்பை ஒரு குச்சியோடு கட்டி, இயந்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டாள்.

"தம்பி, டார்ச்சை இப்படிப் பிடி. ஆங். கடைவாய்ப் பக்கம், கீழ் வரிசை. ஹோஸ் பின்பக்கமா வெடிச்சிருக்கு பாரு."

'அப்புறம்' அரை மணியில் ஹோஸை மாற்றினார். கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை அப்புறம் தரேன் அக்கா" என்றார். இன்றுவரை தரவில்லை. அவளும் கேட்காமல் வேறொன்று எடுத்துக்கொண்டாள்.

கியர்க் கம்பியின் குமிழ் உடைந்து பாதிதான் இருந்தது. கடையில் வேறு வண்டியின் குமிழ்தான் கிடைத்தது. பல்லக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பல்செட்டின் ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, தன் உள்ளங்கையையே அச்சாக்கி ஒரு குமிழ் வார்த்தாள். எந்தக் கியர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே? நாலு கியருக்கு நாலு பல் பதித்தாள். முதலுக்கு முன்பல், இரண்டுக்குக் கோரைப்பல், மூன்றுக்கும் நாலுக்கும் கடைவாய்ப்பல். பின்னால் போகிற கியருக்குப் பல் விழுந்த ஓட்டை. அவள் கணவர் ஒருமுறை அதில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அது என் கையைக் கடிக்கற மாதிரி இருந்துது."

பத்தாம் வாரம் வேலை முடிந்தது. "நாலு சக்கரமும் இழுக்குதான்னு மண்மேட்டுல ஏத்தியே பாத்துட்டேன்" என்று சாவியைக் கொடுத்தார் 'அப்புறம்'. "திரும்ப பழையபடியே விட்டிருக்கேன். வேணும்ங்கறப்ப நீங்க போட்டுக்குங்க." குட்டி லீவரைச் சொல்கிறார் என்று அவள் தலையாட்டினாள்.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைக்கும்போதுதான் முன் சக்கரம் ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் இருந்ததைக் கவனித்தாள். உள்ளங்கையளவு வட்டத் தகடு. அதன் குறுக்கே ஒரு மேடு, மேட்டின் இரண்டு பக்கமும் பிறை போல ஒவ்வொரு பள்ளம். பள்ளம் நிறைய அழுக்கும் துருவும். விளிம்பில் எறும்பு ஊர்ந்தது போல ஏதோ எழுத்துகள் தேய்ந்து கிடந்தன.

மற்றவர்களாக இருந்தால் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் கண்ணுக்கு அது பூச்சி அரித்த கடைவாய்ப்பல். குழியைக் கண்டால் அடைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கருவியை எடுத்து அழுக்கைச் சுரண்டி, காயவைத்து, மிச்சமிருந்த ஈறு மாவைக் குழைத்து, பிறை பிறையாக இரண்டு பக்கமும் இட்டு நிரப்பினாள். இறுகியதும் மேட்டோடு மேடாகத் தேய்த்து, பொடி போட்டு மெருகேற்றினாள். விளிம்பு எழுத்துகளும் மெருகோடு போயின. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

தெருவே வந்து பார்த்தது. "வண்டி ஈறு தெரியச் சிரிக்குதே பல்லக்கா!" என்று சொன்னது நான்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பல்செட் வேலைக்கான பை, ஸ்பிரிட் விளக்கு, மாவு, திரவம், ஆறு ஆப்பிள், ஆழம் பார்க்கும் குச்சி. கணவர் இருக்கையில் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க எதுக்குக் கண்ணை மூடறீங்க? ஓட்டறது நான்." "அதனாலதான்." மேற்கே மேகம் ஒன்று எருமைக் கன்று அளவில் படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்காதது போல ஓட்டினாள்.

பத்துக் கிலோமீட்டர் வரை வண்டி தாயத்து கட்டிய குழந்தை போலச் சமர்த்தாக ஏறியது. பதினோராவதில் ஒரு வளைவு. பாறையிலிருந்து ஊற்று ஒன்று கசிந்து பாதையின் குறுக்கே ஓடி, இருபது அடிக்குச் சேறாக்கி வைத்திருந்தது. பல்லக்கா சொன்னபடி கேட்கிற மாணவி. நிறுத்தினாள், இறங்கினாள், குச்சியை விட்டாள். ஒரு சாண் ஆழம். ஏறி உட்கார்ந்து குட்டி லீவரைத் தள்ளினாள். குமிழை முன்பல்லுக்குத் தள்ளினாள். வண்டி சேற்றில் பாதி தூரம் போய் நின்று, பின் சக்கரங்களால் வானத்துக்குச் சேறு வாரி இறைத்தது. ஒரு கட்டி போய் உச்சியிலிருந்த கோபுரத்தில் ஒட்டி, அன்றைக்குச் செய்தி வாசித்தவர் குரல் கொழகொழத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதை நீங்கள் நம்ப வேண்டாம். மற்றதை நம்புங்கள்.

முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. கல் கொடுத்துப் பார்த்தாள், காய்ந்த கிளை போட்டுப் பார்த்தாள். மேகம் இப்போது எருமையாகவே வளர்ந்திருந்தது. இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர். தவறவிட்டால் நான்கு மாதம். நான்கு மாதத்தில் அக்கா இன்னும் எத்தனை ரவிக்கையைப் பிடித்துத் தைப்பாளோ?

அவள் கணவர் எதிரே ஒரு பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்ததைக் கவனிப்பதே தொழிலாகக் கொண்டவர் அல்லவா, அவர்தான் சொன்னார்.

"இந்தா பாரு, பின்னாடி சக்கரம்தான் சுத்துது. முன்னாடி ரெண்டும் சும்மா வேடிக்கை பாக்குது."

"லீவரைத் தள்ளியாச்சே!"

"அதை என்கிட்ட சொல்லாத. சக்கரத்துகிட்ட சொல்லு."

பல்லக்காவுக்குக் கோபம் போய் ஆசை வந்துவிட்டது. ஏன் சுற்றவில்லை? கணவரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினாள். "கிளட்சை மிதிங்க. முன்பல்லுக்குத் தள்ளுங்க. கடிக்காது. இப்ப மெதுவா காலை எடுங்க." அவர் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு காலை எடுத்தார். அவள் பக்கவாட்டில் தள்ளி நின்று, வட்டக் கண்ணாடியைக் குச்சி முனையில் கட்டி வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்த்தாள்.

நடுவிலிருந்து முன்பக்கம் போகும் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. கண்ணாடியை நகர்த்தினாள். முன் சக்கரத்துக்குப் போகும் தண்டும் சுழன்றது. சக்கரம் வரைக்கும் சுழற்சி வந்து, சக்கரத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றது.

"போதும், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு அப்படியே குந்தினாள். "மேல் வரிசை நல்லா இருக்கு, கீழ் வரிசையும் நல்லா இருக்கு. ரெண்டும் கடி சேரல. நடுவுல என்னமோ இருக்கு, அது பிடிக்கல. தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

அவள் கண் போய் நின்ற இடத்தில், சேற்றுக்கு நடுவே பளபளவென்று, இளஞ்சிவப்பாக, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது அவள் கைவேலை.

சேறு வந்தா முதல்ல கீழ இறங்குங்க.

"அய்யோ" என்றாள். "குழி இல்லங்க அது. விரல் விடற இடம். இறங்கி அதைத் திருகினாத்தான் தண்டும் சக்கரமும் ஒண்ணா கடிக்கும். நான் அடைச்சு மெருகு போட்டுட்டேன்!"

கணவர் சிரிக்காமல் இருக்க மேகத்தைப் பார்த்தார்.

உளியை வைத்துத் தட்டினாள். அசையவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் கட்டிய எதுவும் லேசில் பெயர்ந்ததில்லை. தன் வேலையின் உறுதியைப் பார்த்துத் தனக்கே எரிச்சல் வந்தது அவளுக்கு அன்றைக்குத்தான். கடைசியில் அக்காவின் பல்லுக்காகக் கொண்டுவந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கத்தியைக் காய்ச்சி, இளக்கி இளக்கி நெம்பினாள். ஒரு சக்கரத்துக்கு இருபது நிமிடம். நாலு பிறைத்துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கணவர் அவற்றைப் பொறுக்கிக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அதை எதுக்கு எடுக்கறீங்க?"

"உரிமையாளர் யாருன்னு தெரிஞ்ச பொருள் எனக்கு எப்பவாவதுதான் கிடைக்கும்."

விரல் விட்டுத் திருகினாள். விளிம்பில் இறங்கிய பூச்சு இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் வழுக்கியது. இன்னொரு முறை. தகட்டின் குறுக்கே இருந்த மேட்டையே பார்த்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவர் வண்டிக்குள் எட்டினார். பெட்டியைத் திறந்து, சீட்டுக் கட்டிய மரத்துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பிளவு மேட்டின் மேல் பொத்தியது போல உட்கார்ந்தது. திருகினாள். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். நல்ல செட் வாயில் சரியாக உட்காரும்போது கேட்குமே, அதே சத்தம். மறுபக்கமும் போய் ஒரு 'டக்'.

அடுத்த முறை நாலு சக்கரமும் பிடித்தன. ஜீப் சேற்றிலிருந்து, சாய்வு நாற்காலியிலிருந்து எழுகிற பெரியவர் போல, ஒரு முனகலோடு எழுந்து வெளியே வந்தது. கணவர் மடியில் சீட்டை வைத்து, 'பயன் தெரியாது' என்பதை அடித்துவிட்டு, குலுக்கலில் கோணிய எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், காட்டமாட்டேன் என்கிறார்.

முதல் தூறல் விழும்போது கோபுரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்கா வாசலில் நின்றாள். பாதியாகிவிட்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க அது?"

அக்கா உள்ளே போய் ஒரு சோப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வெல்வெட் துணியில் சுற்றி, அனுப்பிய நாள் போலவே புதுசாக இருந்தது பல்செட்.

"லூஸாயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ இழைச்சு இழைச்சுச் செஞ்சது. ஆடுதுன்னு சொன்னா உன் கையைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடாதாடி?"

"ஆமா, பட்டினி கிடந்து என் பேரைக் காப்பாத்து" என்றாள் பல்லக்கா. மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "உக்காரு. வாயைத் திற."

கூரை மேல் மழை தாம்பாளத்தில் கடலை கொட்டுவது போலக் கொட்டியது. மாவும் திரவமும் குழைத்து உள்ளே பூசி, வாயில் வைத்து, "கடிச்சுக்கோ, பேசாத" என்றாள். அக்காவைப் பேசவிடாமல் உட்காரவைத்த நாலு நிமிடத்தை மாமா தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கண்டார். "இது எத்தனை நாள் வரைக்கும் பேசாம இருக்கணும்?" என்று ஆவலாகக் கேட்டார். வெளியே எடுத்து, ஓரம் சீவி, மழுக்கி, கழுவி, மறுபடி மாட்டியபோது உச்சி வேளை தாண்டிவிட்டது. ஒரு ஆப்பிளை நீட்டினாள். முழு ஆப்பிள்.

அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். மூன்று வருடம். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். 'கருக்' என்ற சத்தம் கேட்டு மாமா கோபுரத்தில் ஏதோ முறிந்துவிட்டதென்று எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ராஜா வீட்டு..." என்று ஆரம்பித்தாள் அக்கா. நிறுத்தினாள். வாசலில் தலை முதல் கால் வரை சேறு பூசி, மழையில் நனைந்துகொண்டு நின்ற ஜீப்பைப் பார்த்தாள். தங்கையின் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் உசரம்டி" என்றாள் மெதுவாக. "மெல்லும்போது இடிக்குது."

"ம். அப்புறம்?"

"உள்பக்கம் ஒரு இடத்துல முள்ளு மாதிரி குத்துது. இந்த முன்பல்லு ரெண்டும் எனக்குக் கொஞ்சம் பெரிசோன்னு அப்பவே தோணிச்சு. அப்புறம் நீ அன்னைக்குத் தச்ச சட்டை, கழுத்து சின்னது."

"தெரியும்" என்றாள் பல்லக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை தான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை என்று அவள் கணவர் பிறகு என்னிடம் சொன்னார். கடி எங்கே இடிக்கிறது என்று காட்டும் நீலத்தாளைப் பையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, அக்காவின் இடது பக்கத்தில் வைத்தாள்.

"கடி. இன்னும் என்னென்ன குறைன்னு யோசிச்சு வை. ரெண்டு நாள் இருக்கு."